கழற்றாத முகமூடி

ஆரின் டாக்கெட்டின் மாமியார் ஹுல்டா, நெப்ராஸ்காவிலிருந்து பெட்டியோடு மகள் வீட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்தே மருமகனை நம்பவில்லை. ஊரில் திடமான ஆண்பிள்ளைகள் எல்லாம் போர்முனைக்குப் போயிருக்க, இவன் மட்டும் காலையில் கிளம்பிப் போய், சாயங்காலம் உதடு கிழிந்து வருகிறான். இடது காது கேட்காது என்று ராணுவம் திருப்பி அனுப்பிவிட்டதாம்.

"சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா மட்டும் நல்லாக் கேக்குதே! என்ன மாப்ள, இன்னிக்கு எந்தச் சாராயக் கடையில அடி வாங்கினீங்க?" என்றபடியே உருளைக்கிழங்கைத் தட்டில் வைப்பாள்.

"அம்மா, அவரு சினிமாவுல சண்டை போடுறாரு. இரும்பு வல்லூறு எகிறிக் குதிக்கிறது பூரா அவருதான்," என்று மகள் வெர்டா தலையில் அடித்துக்கொள்வாள்.

"சித்திரக்கதையில பறக்குறானே, அவனா? இவரா? படம் வரட்டும். மூஞ்சியப் பாத்துட்டு நம்புறேன்."

ஆரினுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் முகத்தைக் காட்டாததுதான் அவன் வேலையே. சனிக்கிழமைதோறும் ஒரு பாகமாகக் கொட்டகைக்கு வரும் பன்னிரண்டு பாகத் தொடர் படம் அது. வல்லூறு யார் என்பது கடைசிப் பாகம் வரை பரம ரகசியம். முகமூடிக்குள் நின்று வசனம் பேசுகிறவன் கதாநாயகன் டெல்மர். நல்ல பையன், ஆனால் நாற்காலியிலிருந்துகூட ஒழுங்காகக் குதிக்க வராது. கூரையிலிருந்து விழுவதும், ஓடும் லாரியில் தொங்குவதும் ஆரின். விளம்பரத்தாளில் டெல்மரின் பெயர் மட்டும்தான்.

கடைசிக் காட்சியில் கவர்னர் அறையில் வல்லூறு முகமூடியைக் கழற்ற வேண்டும். அந்த அறையைக் கட்ட ஆணி கிடைக்கவில்லை. ஆணியெல்லாம் போருக்குப் போய்விட்டது. ஆகவே அந்தக் காட்சி தள்ளிக்கொண்டே போனது. ஒருவழியாக ஆணி கிடைத்து அறை எழும்புவதற்குள் டெல்மருக்கு ராணுவத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. ஒரு சுவர் முன்னால் நிறுத்தி முகத்தை மட்டுமாவது எடுத்து வைத்திருக்கலாம். அத்தனை புத்திசாலிகளில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ரயில் போன பிறகு டைரக்டர் ப்ரூஸ்டர் தொப்பியைத் தரையில் அடித்தார்.

"ஆரின், நீயே கழட்டுடா. உன் மூஞ்சிக்கும் ஒண்ணும் கொறைச்சலில்ல. ஒரே தடவைதான், சொல்லிட்டேன். ஃபிலிமும் ரேஷன்!"

ஆரினுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலை இரண்டு தடவை சவரம் செய்துகொண்டான். மாமியாரின் வாயைக் கடவுளே அடைக்க வழி செய்துவிட்டார்!

விளக்குகள் எரிந்தன. "யாரப்பா நீ?" என்று கவர்னராக நடித்தவர் கேட்டார். ஆரினின் கை முகமூடி விளிம்புக்குப் போனது. அந்த நேரம் பார்த்து, மூட்டையோடு விடைபெற வந்த டெல்மர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அண்ணே, ஓஹையோவுல எங்கம்மா ஒரு வாரங்கூட விடாமப் போய்ப் படத்தப் பாப்பாங்க. விழுறதும் நான்தான்னு நெனச்சுப் பதறுவாங்க. நான் எங்க இருந்தாலும் சனிக்கிழமை சனிக்கிழமை அங்க திரையில இருப்பேன்ல?"

பன்னிரண்டு வாரம் மகனைப் பார்த்த தாய்க்குக் கடைசியில் வேறு எவனோ முகத்தைக் காட்டினால்? ஆரினின் கை தானாக இறங்கியது. கவர்னருக்கு ஒரு சலாம் வைத்தான். ஜன்னலில் ஏறி வெளியே குதித்தான்.

"அடேய் செவிட்டுப் பயலே!" என்று ப்ரூஸ்டர் கத்திய கத்தல் வலது காதில் நன்றாகவே விழுந்தது. மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லை. அவர் சுருட்டைக் கடித்துத் துப்பினார். "பாவிப்பயல், போனது என்னவோ நல்லாத்தான் இருக்கு. விட்டுத் தொலைங்க," என்றார்.

படம் வந்தது. ஹுல்டா முதல் சனிக்கிழமையே வல்லூறிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டாள். அவன் பாலத்திலிருந்து விழுந்த வாரம் அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. விழுந்தவன் எதிரில் உட்கார்ந்து இரண்டாம் தட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கடைசிப் பாகத்துக்கு மூவரும் போனார்கள். திரையில் கை முகமூடிக்குப் போனதும் கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஹுல்டா ஆரினை ஓரக்கண்ணால் ஒரு தரம் பார்த்தாள். கை இறங்கியது. வல்லூறு ஜன்னல் வழியே போய்விட்டான். பிள்ளைகள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து நின்று கை தட்டினாள்.

"பாத்தீங்களா மாப்ள? அவன் ஆம்பள! வந்தான், வேலைய முடிச்சான், மூஞ்சியக் காட்டிப் பேரு வாங்காமப் போயிட்டான். அவன் கால்தூசிக்கு வருவீங்களா?"

வெர்டா உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள். ஆரின் அவள் கையை அழுத்தினான். எங்கோ ஓஹையோவில் இன்னொரு தாயும் இந்நேரம் கை தட்டிக்கொண்டிருப்பாள். வாழ்நாளில் யாரும் அவனை இப்படிப் புகழ்ந்ததில்லை. அதுவும் மாமியார் வாயால்! சிரிப்பை அடக்க முடியாமல் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எங்க வரப் போறேன் அத்த," என்றான்.