பெருக்காத வீடு

ருஸ்திகா துடைப்பத்தைப் பிடுங்கித் தெருவில் வீசினாள். அது போய் விழுந்த இடத்தில் மேய்ந்துகொண்டிருந்த சேவல் அலறியடித்துக்கொண்டு ஓடியது.

"இன்னொரு தடவை என் வீட்டுத் தூசியில கை வச்சே, கையை முறிச்சிருவேன் அடெல்ஃபா!"

அடெல்ஃபாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. உதவத்தானே வந்தாள்! சாமார் தீவின் அந்த மீனவக் குப்பத்துக்கு அவள்தான் சுகாதாரப் பணியாளர். பெரும்புயலில் கடல் ஊருக்குள் புகுந்து எட்டு மாதம் ஆகிறது. ருஸ்திகாவின் புருஷன் பெனிங்கைக் கடல் கொண்டுபோனது. உடம்புகூடக் கரை ஒதுங்கவில்லை. மனம் ஒடிந்தவர்களைத் தேற்றத் தலைநகரிலிருந்து டாக்டர் விலாரின் வந்து தங்கி, பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தாள். வீடு பெருக்குவது, துணி மடிப்பது என்று சின்ன வேலைகளில் அவர்களைத் தொடங்க வையுங்கள் என்பது அதில் ஒரு பாடம். அந்தப் பாடம்தான் இப்போது சேவலை விரட்டிக்கொண்டு போனது.

ருஸ்திகா எட்டு மாதமாக வீடு பெருக்கவில்லை, வீட்டுக்குள் தலை சீவவில்லை. யார் வந்தாலும் உட்காரச் சொல்வாள்; கிளம்பும்போது வாசல்வரை வரமாட்டாள். மகள் நெலியா அழுதாள்.

"அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சுக்கா. ஆஸ்பத்திரியில சேர்த்தாவது எனக்கு அவங்களத் திருப்பிக் குடுங்க."

அடெல்ஃபா போய் டாக்டரிடம் சொல்ல, நகரத்து மனநல மருத்துவமனைக்குச் சனிக்கிழமை வண்டி என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை, குப்பத்துப் படகுத் தச்சர் வயதாகிச் செத்துப்போனார். சவப்பெட்டி நடுக்கூடத்தில் இருக்க, அந்த ஊர் இழவு வீட்டு வழக்கப்படி சுற்றிலும் சீட்டாட்டமும் சிரிப்பும் இஞ்சித் தண்ணியும். தரையெல்லாம் பிஸ்கட் தூள். சும்மா உட்காரத் தெரியாத அடெல்ஃபா மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள். ஜெபம் சொல்லும் கிறிஸ்புலா அவள் மணிக்கட்டில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

"அடிப்பாவி! பெட்டி வீட்டுக்குள்ள இருக்கையில பெருக்குறியே! அடுத்த உசிரையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளவா?"

அடெல்ஃபா துடைப்பத்தைக் கீழே போட்டாள். அடக்கம் முடியும்வரை பெருக்கக் கூடாது. வீட்டுக்குள் தலை சீவக் கூடாது. வந்தவர்களை வாசல்வரை போய் வழியனுப்பக் கூடாது. பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி! பயிற்சியில் நோயின் அறிகுறிகளைப் படித்ததும் அதெல்லாம் எங்கே போயிற்று? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. செருப்பைக்கூடத் தேடாமல் ருஸ்திகாவின் வீட்டுக்கு நடந்தாள்.

ருஸ்திகா இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"அக்கா, இந்த வீட்டுல இன்னும் அடக்கம் முடியலையா?"

ருஸ்திகா தலையை நிமிர்த்தினாள். பிறகு உதடு கோணியது.

"உடம்பே வரல, அடக்கம் எப்படிடீ முடியும்? எனக்கு மிச்சம் இருக்கறது நெலியா ஒருத்திதான். பெருக்கி அவளையும் வெளிய தள்ளச் சொல்றியா? வந்தவளெல்லாம் துடைப்பத்தோட வந்தீங்க. ஒருத்தி கேட்டீங்களாடி?"

அடெல்ஃபா அவள் மடியில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போனாள்.

"வண்டியை நிறுத்துங்க. அவங்க துக்கம் காக்கிறாங்க."

டாக்டர் முழுக்கக் கேட்டாள். ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, சாகிற நினைப்பு இருக்கிறதா என்று துருவினாள். கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா செத்தப்போ எங்கம்மாவும் பெருக்கல. எனக்கும் தோணலையே! சரி, செத்தவங்களுக்கு வைக்கிற ஒன்பது நாள் ஜெபத்தை நடத்துங்க. நான் தினம் வந்து அவங்களைப் பார்ப்பேன். அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா கூட்டிட்டுப் போயிடுவேன். அப்ப என்கிட்ட கெஞ்சக் கூடாது."

"கெஞ்சற ஆளா நான்?" என்றாள் அடெல்ஃபா.

கிறிஸ்புலாதான் முரண்டு பிடித்தாள். "பெட்டி இல்லாம என்னடி ஜெபம்? செத்த எல்லாருக்கும் சேர்த்துத்தான் பாதிரியார் பூசை வச்சாச்சே."

"எல்லாருக்கும் சேர்த்துன்னா, அதுல பெனிங் பேரை யார் சொன்னா? நீங்க வராட்டி போங்க. நானே முழங்கால் போட்டுத் தப்பும் தவறுமா சொல்றேன். ஊர் சிரிக்கட்டும்."

"அந்தப் பாவமும் என் தலையிலயா?" என்று முனகிக்கொண்டே கிறிஸ்புலா ஜெபமாலையை எடுத்தாள்.

முதல் நாள் வந்தவர்களைக் கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அடெல்ஃபா விடவில்லை. வீடு வீடாகப் போய்ச் சீட்டுக்கட்டைக் காட்டி இழுத்துவந்தாள். டாக்டர் கூட்டிய ஆறுதல் கூட்டங்களில் வாய்ப்பூட்டுப் போட்டு உட்கார்ந்தவர்கள் சீட்டைக் கையில் பிடித்ததும் பேச ஆரம்பித்தார்கள். பெனிங் கழுதைக் குரலில் பாடுவான், கடன் வாங்கிய வலையைத் திருப்பித் தரவே மாட்டான் என்றெல்லாம் கதைகள் வந்தன. உடம்பு கிடைக்காத தம் பிள்ளைகளின் பேரையும் ஜெபத்தில் சேர்க்கச் சொல்லி இரண்டு தாய்மார்கள் கேட்டார்கள். ருஸ்திகா சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க அழுதாள். டாக்டர் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லா ஆட்டத்திலும் தோற்றாள்.

ஒன்பதாம் நாள் காலையில் ருஸ்திகாவே கட்டிலுக்கடியிலிருந்து பெனிங்கின் துடுப்பை எடுத்துவந்தாள். கரை ஒதுங்கியது அது ஒன்றுதான். அதைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போய், பேர் எழுதிய சிலுவைக்குக் கீழே புதைத்தார்கள். முதல் பிடி மண்ணைப் போட ருஸ்திகாவின் கை வெகுநேரம் விரியவில்லை. நெலியா அந்தக் கையைப் பற்றிக்கொள்ள, இருவருமாகப் போட்டார்கள்.

வீடு திரும்பியதும் ருஸ்திகா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அன்னைக்கு நான் வீசின துடைப்பம் எங்கடி?"

அடெல்ஃபா எடுத்துக் கொடுத்தாள். யாரையும் கிட்டே விடாமல் ருஸ்திகாவே மூலை மூலையாகப் பெருக்கினாள். புயலோடு வந்த மணல் இன்னும் அலமாரிக்கு அடியில் இருந்தது. வாசலில் குவித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. நெலியா வீட்டுக்குள்ளேயே நிற்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஜெபம் முடிந்து, சாப்பாடும் முடிந்து, எல்லோரும் போய்விட்டார்கள். அடெல்ஃபாவும் கிளம்பினாள். அந்த வீட்டிலிருந்து யாரும் பின்னால் வரமாட்டார்கள் என்று பழகிப்போயிருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் படியில் கால் வைக்கையில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் ருஸ்திகா, சீவி முடிந்த தலையோடு.

"பாத்து இறங்குடி, படியெல்லாம் பாசி," என்றாள். "நாளைக்கு வருவேல்ல?"