படிகாரக் கை

கொப்பரையில் துணி புரண்டுகொண்டிருந்தது. சாயக்காரர் இரண்டு கம்புகளால் அதைத் தூக்குவதும் முக்குவதுமாக இருந்தார். அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டு அவர் மனைவி நிமிர்ந்தாள். அப்போதுதான் துணியில் அச்சடித்த பூக்களுக்கு நடுவே அந்தக் கை எழுந்து வந்தது. ஐந்து விரலும் விரிந்த இடது கை, நல்ல சிவப்பில். அடியிலிருந்து யாரோ துணியைத் தள்ளுவதுபோல ஒரு கணம் உப்பி நின்றுவிட்டு, முங்கிப்போனது.

"வந்துட்டா," என்றாள் கழுவுதொட்டிப் பக்கம் நின்ற நாத்தனார். "பழைய துணியெல்லாம் தீர்ந்துபோச்சு, இனி வரமாட்டாள்னு நெனச்சேன். புதுத் துணியிலயும் வந்துட்டாளே, தம்பி!"

சாயக்காரர் கம்பால் துணியை விலக்கி விலக்கி அந்தக் கையைத் தேடினார்.

பயந்துவிடாதீர்கள், இதில் பாதி படிகாரத்தின் வேலைதான். கடுக்காயில் ஊறி மஞ்சளாகிக் காய்ந்த துணியில் படிகார நீர் பட்டால், உலர்ந்த பிறகு அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் போட்டுக் கொதிக்கவைத்தால் பட்ட இடமெல்லாம் சிவந்துவிடும். அச்சடிக்கிற படிகாரக் கூழில் அடையாளத்துக்குக் கொஞ்சம் காவி கலந்துகொள்வார்கள். ஈரக் கையைத் துணியில் ஊன்றினால் அதற்கு அடையாளம் ஏது? கொப்பரைதான் காட்டிக்கொடுக்கும்.

சாயக்காரரின் முதல் மனைவிக்கு அந்தப் பழக்கம் இருந்தது. எட்டாத வரிசைக்கு அச்சு வைக்கும்போது, படிகாரம் கரைத்த ஈரத்தோடு இடது கையைத் துணியில் ஊன்றிக்கொள்வாள். காய்ச்சலில் விழுந்து அவள் போய்ச் சேர்ந்தபோது, அவள் அச்சடித்த துணி பரண் நிறைய இருந்தது. அதை ஒவ்வொன்றாக எடுத்துக் கொதிக்கவைத்தபோதெல்லாம் அவள் கை வந்தது. கை விழுந்த துணியை அவர் விற்கவில்லை. கழுவிக் காயவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவதாக வந்தவளைச் சின்னவள் என்றார்கள். வயதில் அவள்தான் மூத்தவள். "எங்க வீட்டுல மட்டும்தான்டி சின்னவளுக்கு முன்னாடி நரை விழுது," என்று நாத்தனார் கேலி செய்வாள். சின்னவளும் சேர்ந்து சிரிப்பாள். அச்சுவேலை அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்தே கைவந்தது. இந்த வீட்டில் வராமல்போனது பேச்சுதான். விறகு போடு, கூழ் நீர்த்திருக்கு, துணியைத் திருப்பு. அதைத் தாண்டி அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பரண் காலியாகட்டும், அப்புறம் என் துணிதானே என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இன்றைய துணி அவள் அச்சடித்தது.

அன்றைக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்தவர் தட்டைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அவளுக்கு உன்மேல கோவமில்ல. பாத்தியா? உன் துணியிலதான் வந்திருக்கா."

சின்னவளுக்குக் கையிலிருந்த கரண்டி கனத்தது.

"நீ நல்லா அடிக்கிற. வரிசை ஒண்ணு பிசகல. சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன்."

இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பின்கட்டில் கை கழுவும்போது ஏதோ முணுமுணுப்பாகப் பாடவும் செய்தார். இத்தனை நாள் அவள் காத்திருந்தது இதற்குத்தான். கிடைத்துவிட்டது. ஆனால் அவளைக் கடந்து, பின்னால் நிற்கிற யாருக்கோ கொடுத்ததை இடையில் நின்று வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தாள். சுவர்தான்.

மறுநாள் காலை மேசையில் புதுத் துணியை விரித்தாள். படிகாரத்தைக் கையாலேயே கரைத்து, பிசினும் காவியும் சேர்த்து, அச்சைத் தோய்த்து வைத்துக்கொண்டே போனாள். கடைசி வரிசை எட்டவில்லை. எக்கினாள். அப்போது கண்ணில் பட்டது. அவளுடைய இடது கை, அவளைக் கேட்காமலே, மேசை ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்தது. துணிக்கு அடியில் சாக்கு மெத்தை அந்த இடத்தில் பள்ளமாக இருந்தது. எத்தனையோ வருஷம் ஒருத்தி ஊன்றி ஊன்றி விழுந்த பள்ளம். விரல்கள் ஒவ்வொன்றும் அதனதன் இடம் தெரிந்ததுபோல அதில் அமர்ந்திருந்தன.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். முற்றத்துக்கு ஓடினாள். கொடியில் நேற்றைய துணி ஆடிக்கொண்டிருந்தது. சிவந்த கையின் பெருவிரலடியில் மெல்லிய கோடு ஒன்று சாயம் ஏறாமல் வெளுத்திருந்தது. சின்ன வயதில் அரிவாள்மனை வெட்டிய தழும்பு அவளுக்கு அதே இடத்தில்தான். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இம்மியும் பிசகவில்லை.

"என்னடி, பெரியவகிட்ட கைகுலுக்குறியா?" என்றாள் நாத்தனார். சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை. "தொடாத. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது."

"அண்ணி, அவங்க கை எப்படி இருக்கும்?"

"இதோ, இப்படித்தான்."

சின்னவள் மேசைக்குத் திரும்பினாள். சொன்னால் அவருக்கு இன்னொரு சாவு. சொல்லாவிட்டால், இனி தன் கை கொப்பரையில் எழும்போதெல்லாம் பெரியவள் பெயர் சொல்லித்தான் அதை மடித்து வைப்பார்கள். நேற்றுப் பேசிய அந்தக் குரலில் அவர் தன்னோடு பேசுவார், ரசித்துச் சாப்பிடுவார், பாடுவார். ஆயுசுக்கும் அது போதாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வருவதற்குள் வாசலில் நிழல் விழுந்தது.

"துணி முனையைப் பிடிக்கட்டுமா?" என்றார் சாயக்காரர். அவராக வந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

எதிர்ப்பக்கம் நின்று முனையை இழுத்துப் பிடித்தார். சின்னவள் படிகார நீரில் கையை முக்கி எடுத்தாள். பள்ளத்தை விட்டு விலகி, துணியின் நட்ட நடுவில், அவர் கண்ணெதிரே, விரல்களை நன்றாக விரித்து ஊன்றினாள். எடுத்தாள்.

"இங்க பாருங்க. நேத்து வந்ததும் இதுதான்."

அவர் பார்த்தார். ஈரத்தில் கை தெளிவாக விழுந்திருந்தது. பெருவிரலடியில் தழும்புக்கோடு.

"தம்பி, தண்ணி கொதிச்சிடுச்சு!" என்று நாத்தனார் வெளியிலிருந்து கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை. ஜன்னல் காற்றில் ஈரம் உலரத் தொடங்கியது. முதலில் விரல் நுனிகள் போயின, பிறகு விரல்கள். உள்ளங்கை நடுவில் ஒரு பொட்டு ஈரம் வெகுநேரம் நின்றது. அதுவும் போய், துணி வெறும் மஞ்சளாகக் கிடந்தது. அவர் முனையை விடாமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.