வந்து சேர்ந்தது: ஜூன் 7

உறையின் மேல் பெரிய எழுத்தில் "ஸ்டூரேவுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தது. பார்த்துவிட்டுத்தான் பிரித்தேன். நீதித்துறை அமைச்சகத்தின் தபால் அறையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அமைச்சர் ஸ்டூரேவுக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான் வரும். உள்ளே, பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்கிற மாதிரி ஏதாவது இருக்கும். அரசாங்க விஷயமாக எது வந்தாலும் பிரித்து, சீல் அடித்து, எண் கொடுத்து, மறுநாள் காலையில் வாசல் மேசைக் கோப்பில் வைத்துவிட வேண்டும். எங்கள் நாட்டுச் சட்டப்படி தெருவில் போகிற யாரும் உள்ளே வந்து, பேர்கூடச் சொல்லாமல், அதைக் கேட்டுப் படிக்கலாம். நிருபர்கள் தினமும் காபிக் கோப்பையோடு வந்து புரட்டுவார்கள். நான் எதையும் முழுதாகப் படிப்பதில்லை. முதல் நாலு வரியிலேயே எந்தப் பிரிவுக்குப் போகவேண்டியது என்று தெரிந்துவிடும்.

இதிலும் நாலு வரிதான் படித்தேன். கைதி ஒருவனின் பரோல் பற்றிய புகார். டக்கென்று சீல் விழுந்தது. வந்து சேர்ந்தது, ஜூன் 7.

தன் தபாலைத் தானே வந்து எடுத்துக்கொள்வது ஸ்டூரேவின் பழக்கம். வடக்கே மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து, பிறகு சட்டம் படித்து, நீதிபதியாகி, நாடாளுமன்றம் வந்து, அமைச்சரானவர். அமைச்சரானாலும் எங்களுக்கு அவர் ஸ்டூரேதான். கதவில் சாய்ந்து நின்றபடி அந்தக் கடிதத்தைக் கடைசி வரை படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"மாய்வோர்" என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "இதுக்கு நம்பர் போட்டுட்டியா?"

"போட்டாச்சு. ஏன்?"

"உறையில என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா?"

"பாத்தேன். எல்லாரும்தான் அப்படி எழுதறாங்க. உனக்குக் காதல் கடிதம் வந்தா மட்டும் பிரிக்காம தர்றேன்."

அவர் சிரிக்கவில்லை. கட்டைவிரலால் சீலைத் தேய்த்தார். மை காயவில்லை, நீலம் ஓரத்தில் இழுபட்டு, விரல் ரேகை காகிதத்தில் பதிந்துவிட்டது.

"ஹில்டிங் பொண்ணு மரித் எழுதியிருக்கா" என்றார். "ஆலையில அவனும் நானும் ஒரே ரம்பத்துல நின்னவங்க. அவனுக்கு ரெண்டு விரல் போன அன்னிக்கு என் சட்டையைக் கிழிச்சுத்தான் கட்டினேன்."

கடிதத்தை வாங்கி மீதியைப் படித்தேன். 'பெரியப்பா, என்னை அடிச்சு உள்ள போனவனை நடுக்கோடைப் பண்டிகைக்கு மூணு நாள் வெளியே விடறாங்களாம். அவன் நேரா எங்க வருவான்னு எனக்குத் தெரியும். அப்பாகிட்ட சொல்லலை, துப்பாக்கியை எடுத்துடுவார். நீங்க ஒரே ஒரு போன் பண்ணினா போதும்.'

"சீல் இல்லேன்னா இது ஹில்டிங் பொண்ணு எனக்கு எழுதின லெட்டர்" என்றார் ஸ்டூரே. "சீல் விழுந்துட்டா இது ஒரு கேஸ்."

எனக்குப் புரிந்தது. தனி ஒருவர் வழக்கில் அதிகாரியிடம் அமைச்சர் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொரு இலாகா அமைச்சர் ஒரே ஒரு போன் பண்ணி, அந்த வாரக் கடைசியிலேயே பெட்டியைக் கட்டினார். நாளைக் காலை இந்தக் கடிதம் வாசல் மேசையில் இருக்கும். நிருபர் யாராவது சிறைக்குப் போன் செய்து, அமைச்சர் பேசினாரா என்று கேட்க அரை நிமிடம் ஆகாது.

"கிழிச்சுப் போட்டுடவா?" என்று கேட்டேன். பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை.

அவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு கணம் சரி என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் கிழித்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வேண்டாம்" என்றார். "நீ சரியாத்தான் செஞ்சிருக்கே."

மூன்று வரியில் பதில் போனது. தனிப்பட்ட வழக்குகளில் அமைச்சர் தலையிட இயலாது. கடிதத்தின் நகல் சிறைத்துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது. அடியில் பேனாவால் 'அப்பாவைக் கேட்டதாகச் சொல்' என்று எழுதினார். சிறைத்துறையில் அந்த நகலுக்கும் ஒரு சீல், ஒரு எண் கிடைத்தது. அதற்குரிய அதிகாரி கோடை விடுமுறையில் இருந்தார்.

பண்டிகைக்கு மறுநாள் வானொலியில் கேட்டேன். முதலில் ஊர்ப் பேர், பிறகு கொலையான பெண்ணின் வயது, முப்பத்திரண்டு. தட்டில் மீனும் புது உருளைக்கிழங்கும் அப்படியே ஆறிப்போயின.

இலையுதிர் காலத்தில் நாடாளுமன்றக் குழு ஸ்டூரேவை விசாரித்தது. தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் நான்கு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டது ஒன்றைத்தான்: சிறை அதிகாரியுடன் பேசினாரா? இல்லை என்றார் ஸ்டூரே. தோண்டிப் பார்த்தார்கள். பேசவில்லை என்பது உறுதியானதும் அவர்கள் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். அமைச்சர் மீது குறை சொல்ல ஏதுமில்லை என்று குழு ஒருமனதாக எழுதியது. பத்திரிகைகள் நெஞ்சுரம் என்றன. அடுத்த தலைவர் இவர்தான் என்று கட்சிக்குள் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது; சீல் அடித்த கையை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கோபப்படுவது என்றும் இருந்தது.

நவம்பரில் ஒரு நாள், மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. மாடியில் ஸ்டூரேவுக்குக் கேக் வெட்டினார்கள். கட்சியின் தேர்வுக்குழு அன்றுதான் அவர் பேரை முன்மொழிந்திருந்தது. எனக்கும் ஒரு துண்டு வந்தது, பச்சைச் சர்க்கரைப் பூச்சோடு. அதை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தால், வாசல் மேசை முன்னால் ஒரு கிழவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

"ஒரு லெட்டர் பாக்கணும்" என்றார். "ஜூன் மாசத்துது. பேர் சொல்ல வேண்டியதில்லைன்னு சொன்னாங்க."

"வேண்டாம். சொல்லத் தேவையில்லை" என்றேன். தொப்பியைப் பிடித்திருந்த வலது கையில் மூன்று விரல்தான் இருந்தது.

கோப்பை எடுத்துவர எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவர் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். துப்பாக்கி என்கிற இடத்தில் நின்றார். "ஆமா. எடுத்திருப்பேன்" என்று காகிதத்திடம் சொன்னார்.

மாடியில் கைதட்டினார்கள்.

"ஸ்டூரே மேலதான் இருக்கார்" என்றேன். "கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்மா. வேலையில இருப்பான்."

அப்புறம் கடிதத்தின் மேல் மூலையைக் கண்ணருகே கொண்டுபோனார். சீலின் ஓரத்தில் இழுபட்டிருந்த நீலத்தையும், அதில் பதிந்திருந்த ரேகையையும் பார்த்தார். அவர் முகம் இளகியது.

"இது அவ விரல்தானே?"

சீல் இந்த அறையில் அடித்தது, அவள் கை அதில் எப்படிப் படும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், மேசை மேல் திறந்து கிடந்த கோப்பை மூடிவைத்தேன். மாடிப்படியில் யாரோ சிரித்துக்கொண்டே இறங்கிவரும் சத்தம் கேட்டது. அதில் ஸ்டூரேவின் குரலும் இருந்தது.

கிழவர் எதையும் கவனிக்கவில்லை. தன் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்த நீல ரேகையின் மேல் பொருத்தி வைத்தார். எடுக்கவில்லை.