கதவோரத்து நாற்காலி

கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவுக்குப் போட வெள்ளைச் சட்டை எடுக்க வந்த மகள், அவருடைய அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். உள்ளே தாழிட்டிருந்தது. செத்த மனுஷனின் அறையைத் தாழ்போட யாருக்கு என்ன வந்தது?

தட்டினாள்.

"அஞ்சே நிமிஷம்மா," என்றது சித்தப்பாவின் குரல். "கமிட்டி பேசிட்டிருக்கோம்."

கமிட்டியாம்!

அப்பா தொடங்கிய வானொலி அது. லாபத்துக்கு நடப்பதல்ல, கேட்பவர்கள் கொடுக்கும் நன்கொடையில் ஓடுவது. நிர்வாகக் குழு கூடும்போதெல்லாம் அப்பா ஒரு நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போடுவார். கதவை அடைக்க முடியாது. டீ கொண்டுவருகிறவர் முதல் செய்தி வாசிக்கிறவர் வரை யார் வேண்டுமானாலும் அதில் உட்கார்ந்து கேட்கலாம். "ஊர்ல இருக்கிறவனையெல்லாம் கேள்வி கேக்குறோம், நம்ம கதவு மூடியிருந்தா எவன் மதிப்பான்?" என்பார். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'கதவு'தான்.

போன வருஷம், பெயரை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு பெரிய நன்கொடை வந்தது. யார் கொடுத்தது என்று நேயர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அடுத்த கூட்டத்தில் நாற்காலியை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அப்பாவை வெளியே நடைவழியில் உட்கார வைத்துவிட்டு, அவரை நீக்க எல்லாரும் கை தூக்கினார்கள். சித்தப்பாவும்தான். கூடப்பிறந்த கை! அதற்குப் பிறகும் அப்பா அந்த வானொலியை ஒருநாளும் அணைத்ததில்லை. அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

அவள் கதவை உடைப்பதுபோல் தட்டியதும் சித்தப்பா திறந்தார். தலைவரும் செயலாளரும் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மத்தியானச் செய்தியில அப்பாவைப் பத்திச் சொல்லணும்ல," என்றார் தலைவர், தேன் ஒழுக. "உடம்பு முடியாம தானாவே விலகிட்டார்னு போட்டுடலாம். அவருக்கும் அதுதாம்மா கௌரவம்."

"அவர் விலகல. நீங்க தூக்கிட்டீங்க."

"செத்த வீட்டுல எதுக்கும்மா அதெல்லாம்?" சித்தப்பா தரையைப் பார்த்துச் சொன்னார்.

"செத்த வீட்டுலதானே உங்க கமிட்டி நடக்குது, சித்தப்பா?"

அவள் மேசையடியில் இருந்த நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டாள். "இப்பச் சொல்லுங்க. கூடத்துல இருக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

காலையிலிருந்து அப்பாவின் தலைமாட்டை விட்டு அசையாத அம்மா எழுந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பேசுங்க," என்றாள். "நான் கேக்குறேன்."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தன் கைப்பேசியைப் பார்த்தார். "அது... அப்பவே அனுப்பியாச்சுங்க."

அப்பாவின் ரேடியோவை அணைக்க அன்றும் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மெல்லிய சத்தத்தில் மத்தியானச் செய்தி தொடங்கியது. 'உடல்நலக் குறைவால் தாமாகவே பொறுப்பிலிருந்து விலகிய நம் நிறுவனர்...' அப்பா பழக்கிவிட்ட குரல். ஒரு பிசிறு இல்லை.

அம்மா கடைசிவரை கேட்டாள். பிறகு எழுந்து மகளிடம், "சட்டையை எடு. வண்டி வந்துரும்," என்றாள்.

நாற்காலி கதவோரத்திலேயே கிடந்தது. அதை நகர்த்த ஒரு கையும் எழவில்லை. தலைவரும் செயலாளரும் ஒருக்களித்து வெளியேறினார்கள். கடைசியாகச் சித்தப்பா, வயிற்றை எக்கிக்கொண்டு, நாற்காலியில் உடம்பு படாமல் தாண்டி வந்தார்.