பன்னிரண்டு மணி அடிக்காதவர்கள்

டைரி அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்கு அவள் சேர்ந்து அன்றோடு ஆறு மாதம். பகல் சாப்பாட்டுக்கு முன் முதலாளி கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அச்சகத்தில் எல்லாருக்கும் அவள் 'கமா'. இரண்டு கமா விடுபட்டதற்காக எட்டுப் பக்கங்களை மறுபடி அச்சிட வைத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். அப்படிப்பட்டவள்தான் பதினான்காம் பக்கத்தில் ஒரு முழுப் பொய்யை அச்சேற்றியிருந்தாள்.

அந்தப் பக்கத்தின் தலைப்பு 'காலச் சுருக்கங்கள் பிறந்த கதை'. முதலாளிதான் எழுதச் சொன்னார். மாதங்கள் அவளைப் படுத்தவில்லை. 'செப்.' என்று சுருங்கிய செப்டம்பர், லத்தீனில் ஏழு என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒன்பதாம் இடத்தில் உட்கார்ந்திருப்பதெல்லாம் கலைக்களஞ்சியத்திலேயே கிடைத்தது. மாட்டிவிட்டது கடிகாரம். 'பி.எம்.' என்ற இடத்தில் 'ஏ.எம். காண்க, முதல் தொகுதி' என்று மட்டும் இருந்தது. முதல் தொகுதியோ, காகிதம் வெட்டும் இயந்திரத்தின் குட்டைக் காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"அதை உருவினா மெஷின் சாயும் கமா, அத்தனை டைரியும் கோணலாயிடும். உன் மண்டையிலேர்ந்து ஏதாவது எடுத்து விடு" என்றார் ஃபோர்மேன்.

எடுத்து விட்டாள். ஓர் ஊரில் ஒரு மணிக்கூண்டு, இரண்டு காவலர்கள். காலைக்காரர் ஒவ்வொரு மணி அடித்ததும் பலகையில் 'ஏ.எம்.' என்று தன் இனிஷியலை எழுதுவார். மாலைக்காரர் 'பி.எம்.' என்று எழுதுவார். அதுவே உலகத்துக்குப் பழகிவிட்டது. இவ்வளவு எழுதியும் பக்கத்தில் இரண்டு வரி காலியாகக் கிடந்தது. காலியிடம் அவள் கண்ணை உறுத்தும். எனவே காலைக்காரர் பன்னிரண்டுக்கு முன்பே சாப்பிடப் போய்விடுவார், மாலைக்காரர் அதற்குப் பிறகே வருவார், அந்த ஊரில் பகல் பன்னிரண்டு மணி அடித்ததே இல்லை என்றும் சேர்த்தாள். பக்கம் கச்சிதமாக நிரம்பியது.

டைரி வெளிவந்து இது மூன்றாம் நாள். பதினொன்றரை மணிக்கு முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு கையிலும் கடிகாரம் கட்டிய ஒரு பெரியவர். அந்தப் பக்கம், சட்டமிட்ட புகைப்படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள்.

"ஐயா ஏ.எம். பேரன். அம்மா பி.எம். பேத்தி" என்று அறிமுகம் செய்தார் முதலாளி. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

தான் கற்பனையில் படைத்த இருவருக்கு வாரிசுகளா என்று அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க தாத்தாவைச் சாப்பாட்டு ராமன்னு எழுதியிருக்கீங்களே, அடுக்குமா?" என்றார் பெரியவர்.

"பின்ன என்னவாம்? பதினொண்ணுக்கே தட்டு முன்னாடி உக்காந்துடுவாராம். எங்க தாத்தா பாவம், ஓடோடி வந்து மூச்சு வாங்குறதுக்குள்ள மணி ஒண்ணு!" என்றாள் அம்மாள்.

"ஓடி வந்தாராக்கும்! அந்த மனுஷன் போர்வையை விலக்குறதே மத்தியானத்துக்கு மேலதான்!"

முதலாளி கையை உயர்த்தினார். "கமா, எழுதினவ நீ. நீயே சொல்லிடும்மா. தப்பு யார் மேல?"

அவருடைய முழங்கைக்கு அடியில் அவளுடைய வேலை உத்தரவு இருந்தது. கையெழுத்து இன்னும் விழவில்லை. உண்மையைச் சொன்னால் அது நேரே குப்பைக்கூடைக்குப் போகும். சொல்லாவிட்டால் ஏதாவது ஒரு தாத்தாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டு கமாவுக்கே எட்டுப் பக்கம் என்றால் ஒரு முழுப் பொய்க்கு எவ்வளவு என்று மனசுக்குள் கணக்குப் பார்த்தாள்.

"தப்பு என் மேலதான் சார். அப்படி ரெண்டு பேர் இருந்ததே இல்ல. நானா எழுதினது."

"இல்லவே இல்லையா?" அம்மாள் படத்தைத் தூக்கிக் காட்டினாள். முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ அண்ணாந்து பார்க்கும் ஓர் ஆள். "அப்போ இதுல நிக்கிறது யாரு, உங்க சித்தப்பாவா?"

"தாத்தாவே இல்லைன்னா நான் எப்படிம்மா இங்க வந்தேன்? பஸ்ல வந்தேன்னு சொல்லாத!" என்றார் பெரியவர்.

"அண்ணே, இந்தப் பொண்ணு நம்ம ரெண்டு குடும்பத்தையும் ஒரே பேனாவால அடிக்கப் பாக்குது."

"ஆதாரம் இருக்கா கமா?" என்றார் முதலாளி.

"இருக்கு சார். வெட்டு மெஷினுக்கு அடியில."

நாலு பேர் தம் பிடித்துத் தூக்க, அவள் முதல் தொகுதியை உருவினாள். இயந்திரம் முனகிக்கொண்டே இடப்பக்கம் சாய்ந்தது. எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தைப் பிரித்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள்: "ஏ.எம்., பி.எம்.: நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின் என்று பொருள்படும் லத்தீன் தொடர்களின் முதலெழுத்துகள். நண்பகல் பன்னிரண்டு இவ்விரண்டிலும் சேராது."

"கடைசி வரியை இன்னொரு தடவை படிம்மா" என்றார் பெரியவர். படித்தாள். அவர் கண் கலங்கிவிட்டது. "ரெண்டுலயும் சேராது! பன்னிரண்டு அடிக்கிறது எங்க தாத்தா வேலையே இல்ல!"

"எங்க தாத்தா வேலையும் இல்லண்ணே! எத்தனை காலம் பழி சுமந்தோம்!"

"ஐயோ, அதுக்கு முன்னாடி லத்தீன்னு போட்டிருக்குங்க…" என்றாள் அவள்.

"அது அந்த ஊர் பேரா இருக்கும்" என்றார் ஃபோர்மேன்.

முதலாளி அவள் தோளில் தட்டினார். "நீ பொய்னு சொன்ன கதையைப் புத்தகமே நிஜம்ங்குது. இவ்வளவு தன்னடக்கம் ஆகாதும்மா." கையோடு கொண்டுவந்திருந்த உத்தரவில் சரக்கென்று கையெழுத்தைக் கிறுக்கி அவள் பக்கம் தள்ளினார். "வாங்கிக்கிட்டேன்னு நீயும் போடு. நேரத்தையும் எழுது."

பேனாவை எடுத்தாள். கடைசி வரியில் 'நேரம்: …… ஏ.எம். / பி.எம். பொருந்தாததை அடிக்கவும்' என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் இரண்டு முள்ளும் உச்சியில் ஒன்றாக நின்றன. சற்று முன்வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இருவரும் கையை விட்டார்கள். வலது தோளுக்கு மேலே பெரியவர் எட்டிப் பார்த்தார், இடது தோளுக்கு மேலே அம்மாள்.

"எந்தத் தாத்தாவை அடிக்கப் போறம்மா?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். முதல் தொகுதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டு வந்து போடறேன் சார்."