வலி போன கால்

மாரப்பனுக்கு வலி போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. போன வலியைக் காட்ட எதற்கு டாக்டரிடம் போக வேண்டும் என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் வேலாமணியிடம் நியாயம் பேசி ஜெயித்தவர்கள் அந்த எஸ்டேட் லைன் வீடுகளில் யாருமில்லை. கட்டிய புருஷன் மட்டும் ஜெயித்துவிடுவானா என்ன?

"வலி இருக்கறப்ப வாங்குன டோக்கனுங்க. காத்துக் கெடந்து கெடச்சிருக்குது. வலி போனாலும் போயே ஆகோணும்," என்று சொல்லிவிட்டு, காலையில் பள்ளிக்கூட வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வேன் டக்ளஸுடையது. ஓட்டுவது மாரப்பன். கீழே பள்ளத்தில் இருக்கும் எஸ்டேட் லைன்களிலிருந்து காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குன்னூருக்கு மேலே வர வேண்டும். சாயங்காலம் அதே பிள்ளைகளோடு அதே கொண்டை ஊசி வளைவுகளில் கீழே இறங்க வேண்டும். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. முதல் வருஷம் அவன் வேனில் வாந்தி எடுத்த பிள்ளைகள், இப்போது தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் அந்த சீட்டை விட்டு ஒரு நாள் எழுந்தால் மறுபடி உட்கார முடியாது என்பது மாரப்பனுக்குத் தெரியும். டக்ளஸின் மச்சான் ஞானசீலன் கோயம்புத்தூரில் டாக்ஸி ஓட்டி அலுத்து ஊர் திரும்பியிருந்தான். மாரப்பன் எப்போது எழுவான் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தான்.

அதனால்தான் மழைக்காலத்தில் வலி வந்தபோது மாரப்பன் மூச்சு விடவில்லை. இடுப்பில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, வலது குதிகால் வரைக்கும் சுரீர் சுரீர் என்று இழுத்தது. தும்மினால் உயிர் போனது. வேலாமணியைத் தவிர யாருக்கும் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். போன வாரம் ஒரு காலையில் எழுந்தபோது வலியைக் காணவில்லை. கல்லட்டி மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வேலாமணியைத் தூக்கிச் சுற்றாத குறையாக அவன் பண்ணிய ஆர்ப்பாட்டத்தை லைனே பார்த்தது.

ஒரு விஷயத்தை மட்டும் அவன் வேலாமணியிடம் சொல்லவில்லை. வலி போன இரண்டாம் நாள், பிள்ளைகளோடு இறங்கும்போது, சில்வர் ஓக் மரம் நிற்கும் வளைவில் பிரேக்கை மிதித்தான். வேன் நிற்கவில்லை. மறுபடி மிதித்ததும் நின்றது. பிள்ளைகள் அது ஒரு விளையாட்டு என்று நினைத்து 'ஹோ' என்று கத்தினார்கள். செருப்பு வழுக்கிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அன்றிலிருந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுகிறான். டிசம்பர் குளிரில் இடது கால் விறைத்துப்போகும். வலது காலுக்குக் குளிர்வதே இல்லை. அதையும் நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டான். மனுஷன் தனக்கு வேண்டியதைத்தானே நம்புவான்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரி முற்றமும் சரிவுதான். மலையில் சமதரைக்கு எங்கே போவது? சரிவின் அடியில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். நோயாளிகள் அதில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். மாரப்பன் வேனை மேல் ஓரத்தில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டான். வேலாமணி இறங்கி, சீட்டுக்கு அடியில் கிடந்த மரக்கட்டையை எடுத்து முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை விட்டுப் போகிறவனை இந்த மலையில் யாரும் டிரைவர் என்று சொல்ல மாட்டார்கள்.

'உடல் மறுவாழ்வு மருத்துவம்' என்று கதவில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் மாரப்பன் நின்றுவிட்டான்.

"ஏம்புள்ள, மறுவாழ்வுன்னா குடிகாரங்களுக்கில்ல பாக்கறது? நா என்னைக்குக் குடிச்சேன்?"

"உள்ள போங்க பேசாம."

டாக்டர் ஐவி கோயம்புத்தூரிலிருந்து வாரம் ஒரு நாள் மலையேறி வருகிறவர். நரைத்த தலை, தடித்த ஸ்வெட்டர், அவசரமே இல்லாத பேச்சு. எங்கே வலிக்கிறது என்று அவர் முதலில் கேட்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டார். எப்படிக் குனிவீர்கள், எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், வேனில் எப்படி ஏறுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். ஊசி ஒன்றைப் போட்டு அனுப்புவார் என்று வந்தவனுக்கு இது பெண் பார்க்க வந்தவர்களின் விசாரணை மாதிரி இருந்தது.

"இப்ப வலியே இல்லீங்க டாக்டரம்மா. சுத்தமாப் போயிருச்சு," என்றான் சந்தோஷமாக.

எல்லா டாக்டரும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"எப்படிப் போச்சு? கொஞ்சம் கொஞ்சமாவா, திடீர்னா?"

"திடீர்னுதாங்க. சாமி புண்ணியம்."

"எந்திரிச்சு நில்லுங்க. சுவரைப் பிடிச்சுக்கிட்டு, இடது கால் நுனியில மட்டும் எழும்புங்க."

எழும்பினான்.

"இப்ப வலது கால்."

மாரப்பன் எழும்பினான். எழும்பியதாகத்தான் நினைத்தான். வேலாமணி வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் குனிந்து பார்த்தான். குதிகால் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. உடம்பை முன்னால் சாய்த்துப் பார்த்தான், தோளைத் தூக்கிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"தரை குளுருதுங்க. கால் மரத்துப்போச்சு."

டாக்டர் அவனைக் கட்டிலில் படுக்க வைத்தார். சின்னச் சுத்தியலால் இரண்டு கணுக்காலுக்குப் பின்னாலும் தட்டினார். இடது பாதம் துள்ளியது. வலது பாதம் ஏனென்று கேட்கவில்லை. பிறகு கண்ணை மூடச் சொன்னார். "கால் விரலை அசைப்பேன். மேலேயா கீழேயான்னு சொல்லுங்க."

லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது, முன்னால் நிற்கிறவன் வாசிப்பதைக் கேட்டுக் கண் பரிசோதனை எழுத்துகளை மனப்பாடம் செய்துகொள்கிற இனத்தைச் சேர்ந்தவன் மாரப்பன். அவனிடமா பரீட்சை? இமையைக் கொஞ்சமாய்த் திறந்து பார்த்துக்கொண்டு, "மேல, கீழ, கீழ, மேல," என்று முத்து முத்தாகச் சொன்னான். டாக்டர் ஒரு துண்டை எடுத்து அவன் முகத்தின் மேல் போட்டார்.

"இப்பச் சொல்லுங்க."

துண்டுக்கு அடியில் இருட்டாக இருந்தது. அவன் காத்திருந்தான். வெகுநேரம் கழித்து, "நீங்க இன்னும் ஆரம்பிக்கலீங்களா?" என்று கேட்டான்.

துண்டை எடுத்தபோது டாக்டர் அவனுடைய வலது பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தின் வெளி ஓரத்தில் ஒரு கொப்புளம் பெரிதாகப் பழுத்து நின்றது.

"இது எப்பப் பட்டது?"

மாரப்பன் அதை அப்போதுதான் பார்த்தான். வேலாமணிக்கு அழுகை வந்துவிட்டது. "முந்தாநேத்து குளுருக்கு நாந்தானுங்க சுடுதண்ணிப் பை வெச்சு உட்டேன். சூடு பத்தலை, இன்னும் கொதிக்க வெச்சு ஊத்துன்னாருங்க."

டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாரப்பன், மூட்டு வலின்னா அசைச்சாக் கூடும், ஓய்வு எடுத்தாக் கொறையும். பல வருஷத்து வலின்னா, பட்ட இடம் ஆறின பிறகும் வலிக்கிற பழக்கம் மட்டும் தங்கிடும். அதுக்குப் பயிற்சி குடுத்து மெல்ல மெல்லப் பழக்கத்தை மாத்தணும். உங்களுது ரெண்டும் இல்ல. இடுப்புல டிஸ்க் பிதுங்கிக் காலுக்குப் போற நரம்பை நசுக்குதுன்னு நினைக்கிறேன். நசுக்கல் விலகினாலும் வலி போகும். நரம்பு செத்துக்கிட்டு வந்தாலும் வலி போகும்."

"எனக்கு இதுல எதுங்க?"

"கால் நுனியில நிக்க முடியல, சுட்டது தெரியல. நீங்களே சொல்லுங்க."

டாக்டரே தொடர்ந்தார். இன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும், ஆபரேஷன் டாக்டர் பார்க்க வேண்டும், சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலானவர்களுக்குத் தெம்பு திரும்பும், அப்புறம் பயிற்சி. மூத்திரம் போவதில் சிரமம் வந்தால் நடு ராத்திரி என்றும் பார்க்காமல் ஓடி வர வேண்டும். மாரப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"பிரேக் எப்படி மிதிக்கிறீங்க?"

"அதெல்லாம் நல்லா மிதிக்கறனுங்க."

"அவரு பிரேக்கே போட மாட்டாருங்க," என்றாள் வேலாமணி, தன் புருஷனைக் காப்பாற்றுகிற அவசரத்தில். "மாரப்பன் வண்டிக்கு மட்டும் பிரேக் லைனிங் தேயறதே இல்லேன்னு டக்ளஸ் அண்ணன் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவாருங்க."

"ஏறுற கியர்லயே எறங்கோணும்ங்க. எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும். அதான் மலை ஓட்டு," என்று மாரப்பன் விளக்கினான். இதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்ற தெம்பு குரலில் வந்துவிட்டது.

"எந்த கியர்?"

"செகண்ட்லங்க."

"இப்பவுமா?"

மாரப்பன் ஜன்னலைப் பார்த்தான். "இப்பக் கொஞ்ச நாளா ஃபர்ஸ்ட்ல."

"ஏன்?"

அவனுக்கே தெரியாது. இந்தக் கேள்வியை அவன் கேட்டுக்கொண்டதே இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி, ஒவ்வொரு சாயங்காலமும் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியதும் கை தானாக ஃபர்ஸ்ட் கியருக்குப் போனது. காலை நம்பாமல் போனது அவன் கை.

"கால் தேறி, நானே பாத்துச் சொல்ற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது. இன்னிக்கும் கூடாது," என்றார் டாக்டர்.

"சரிங்க," என்றான் மாரப்பன்.

சரி என்று சொல்ல என்ன கஷ்டம்? முற்றத்துக்கு வந்து சேர்வதற்குள் அவன் மனதில் எல்லாம் முடிவாகிவிட்டது. ஸ்கேனுக்கு மத்தியானத்துக்கு மேல் வரச் சொன்னார்கள். அதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்று ஒரு நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டுவிடலாம், மெதுவாக, ஃபர்ஸ்ட் கியரில். கிறிஸ்துமஸ் லீவு வரப்போகிறது, லீவில் காலைப் பார்த்துக்கொள்ளலாம். டக்ளஸ் காதுக்குப் போகவே வேண்டாம். கட்டிலில் படுக்க வைத்து விரலை ஆட்டிப் பார்க்கிற டாக்டரம்மாவுக்குப் பிரேக்கைப் பற்றி என்ன தெரியும்?

வேலாமணி பின்னாலேயே வந்தாள். அவன் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பார்வைதான் அவனைப் பயமுறுத்தியது.

அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அவளுக்கும் தனக்கும் சேர்த்து ஒரு சாட்சி வேண்டியிருந்தது. எஞ்சினைப் போடாமல், கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். வலது காலைத் தூக்கி வைத்துப் பலமாக அழுத்தினான். தொடை இறுகியது, முட்டி கெட்டியாக நின்றது. ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல விட்டான்.

வேன் அசையவில்லை. அத்தனை சரிவில், கல்லாய் நின்றது.

மாரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா! பாத்தியா புள்ள? நிக்குதா இல்லியா? எங்கால் போச்சுன்னாங்களே, இப்ப வண்டியப் புடிச்சுட்டு நிக்கறது யாரு? ஏறு, ஏறு. சாயங்காலம் புள்ளைங்கள நானே எறக்கி உடறேன்."

வேலாமணி ஏறவில்லை. முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க," என்றாள். "கட்டய நா இன்னும் எடுக்கலீங்க."

மாரப்பன் குனிந்து பார்த்தான். இருபது வருஷத்தில் அவன் தன் காலைத் தேடிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிரேக் பெடல் அதன் இடத்தில் நிமிர்ந்து நின்றது. அவனுடைய வெறுங்கால் அதற்குப் பக்கத்தில், ரப்பர் விரிப்பின் மேல், முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது முன் கண்ணாடிக்கு நேர் கீழே பெஞ்சு தெரிந்தது. கையில் மாவுக்கட்டு போட்ட ஒரு பெண் ஆரஞ்சுச் சுளையை உரித்துப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மாரப்பனுக்கு அந்த முற்றம் தெரியவில்லை. சில்வர் ஓக் மரத்து வளைவும், 'ஹோ' என்று கத்திய பிள்ளைகளின் சத்தமும்தான் இருந்தன.

அவன் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கியரைப் போட்டான். சாவியை உருவினான். இறங்குவதற்குத் தன் வலது காலை அவனே இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தான், அது வேறு யாருடைய காலோ என்பதுபோல.

"டக்ளஸ் அண்ணனுக்குப் போன் போடு."

"என்னன்னு சொல்லட்டுங்க?"

"ஞானசீலன வரச் சொல்லு."

வேலாமணி போனை எடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கட்டையை எடுக்கக் குனிந்தாள்.

"அது இருக்கட்டும் புள்ள," என்றான் மாரப்பன். "அவன் வந்து எடுத்துக்கட்டும்."