வெள்ளையாய்ப் போன முகம்

பிரியந்தி ஸ்டூடியோவில் உட்கார்ந்து தன் கல்யாணப் படங்களில் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடிந்த இருபதாம் நாள், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கருமாதி. மாலை போட்டு வைக்க வீட்டில் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் இருந்தது.

"அதுல காலைல பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேரு குடுக்குற மூஞ்சியா இருக்காருண்ணே. தாலி கட்டுறப்ப எம் பக்கத்துல நின்னு சிரிச்சாரு. அதக் குடுங்க."

அட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் விஜிதரனுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இருந்தது. அந்தப் படத்தை ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டவனும் அவன்தான். கேட்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தான். இனி மறைக்க முடியாது. திறந்தான். மணமக்கள் தெளிவாக இருந்தார்கள். கிட்டே நின்ற அப்பாவின் மேல் பிளாஷ் நேராக அடித்து, கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை.

பிரியந்தி அந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "மேளக்காரரு படம் கறுப்பாத்தானே இருந்திச்சு? அத வெளிச்சமாக்கிக் காட்டுனீங்கதானே? இதயும் அப்புடி செய்ங்க."

"அது ரோ பைல் தங்கச்சி. கேமராவுல விழுந்ததெல்லாம் அப்புடியே உள்ள கெடக்கும். நம்ம பொறகு கூட்டிக் கொறச்சு எடுத்துக்கலாம். இது கேமராவே சுருக்கி முடிச்சுக் குடுத்த படம். மிச்சத்த அப்பவே வீசிருச்சு."

சொன்னபடியே வெளிச்சத்தைக் குறைத்தும் காட்டினான். வெள்ளை சாம்பலானது. கண் வரவில்லை, மூக்கு வரவில்லை.

"அப்ப இதயும் ரோவுல எடுத்திருக்கலாமே?"

"கார்டுல எடம் பத்தல. ரோ பெருசு. தாலிக்குக் கொஞ்சம் முந்தித்தான் இந்தச் சுருக்குற மொறைக்கு மாத்துனேன். ரோவா இருந்தா, முழுசா இல்லாட்டியும் ஓரளவாவது மூஞ்சி வந்திருக்கும்."

"எத எடுத்துண்ணே கார்டு ரொம்பிச்சு?"

திரையின் ஓரத்தில் கல்யாணத்தன்று காலையில் எடுத்தவை வரிசையாகக் கிடந்தன: வாழைமரம், மணவறைப் பூ, சீர்த்தட்டு, மறுபடியும் வாழைமரம். அத்தனையும் ரோ. எந்த இருட்டிலிருந்தும் மீட்டுவிடலாம். இரண்டாவது கார்டைக் கல்யாணம் நடந்த வட்டவளைக்குக் கொண்டுபோக மறந்ததை இவளிடம் எப்படிச் சொல்வது? திட்டினாலாவது தேவலை. அவள் திட்டவில்லை.

"கல்யாணத்துக்கு வந்த நம்ம ஆளுங்க போன்ல தேடிப் பாத்தீங்களா தங்கச்சி?"

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். பொண்ணு மாப்பிளயத்தான் எடுத்திருக்காங்க." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதையே கழுவிக் குடுங்க."

"தங்கச்சி, இதுல மூஞ்சி..."

"தெரியுது. பெருசாக் கழுவுங்க."

அவன் படத்தைத் தலைகீழாகத் திருப்பி பிரிண்டருக்கு அனுப்பிவிட்டதைப் பிறகுதான் கவனித்தான். தாள் படத்தின் அடிப்பக்கமாக வெளிவந்தது. முதலில் அப்பாவின் வேட்டிக் கரை. பிறகு கூப்பிய கைகள், விரல் நகங்களில் கொழுந்துக் கறை. பிறகு புதுச் சட்டையின் காலர். பிரியந்தி எழுந்து வந்து பிரிண்டர்மேல் குனிந்தாள். தாள் இன்னும் வந்துகொண்டிருந்தது.